கிழக்கு என்று எழுதிய நாற்பத்தொரு ஓட்டங்கள்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஜூன் மழையில் எங்கள் ஆய்வகக் கூரை ஒழுகியது. தெற்குச் சுவரோரம் இருந்த நுண்ணோக்கியை மேசையோடு தூக்கி வடக்குச் சுவரோரம் வைத்தோம்.
2. அதே வாரம் நுண்ணோக்கியின் ஒளிர்வு விளக்கு எரிந்துபோனது. புது விளக்கு வர எட்டு மாதம் ஆயிற்று.
3. அந்த எட்டு மாதத்தில் நானும், முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த லிஜி அக்காவும் நாற்பத்தொரு சோதனை ஓட்டங்களைச் செய்தோம். நாற்பத்தொன்றிலும் திசையைக் குறித்து வைத்தோம்.
4. புது விளக்கு வந்த பிறகு, பயிற்சிக்கு வந்த ஒரு பெண் ஒரு கேள்வி கேட்டாள். லிஜி அக்காவின் ஆய்வுப் பதிவு முடிய அன்றைக்கு இருபத்துநான்கு நாள் இருந்தது.
5. நான் பதினோரு நாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.
6. சொன்னபோது பதின்மூன்று நாள் மிச்சம்.

ஐந்தாவதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மற்றவை அது விளங்குவதற்காக.

நீங்கள் மூன்று பேர் இந்த மாதம் அந்த ஆய்வகத்தில் சேருகிறீர்கள் என்று அங்கே அட்டெண்டராக இருக்கிற ராஜன் அண்ணன் போனில் சொன்னார். பொறுப்பை ஒப்படைக்கும்போது நான் எழுதிக் கொடுத்த கோப்பு உங்களிடம் வந்திருக்கும். குளிர்பெட்டியில் எந்தத் தட்டில் எது இருக்கிறது, பம்பு மக்கர் செய்தால் எங்கே தட்ட வேண்டும், எல்லாம் அதில் உண்டு. அதில் எழுதாமல் விட்டது இது. இந்த மாதிரி எழுத்தை வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. அங்கே உதவியாளராக இருந்து வேலையை விட்டவள், அவ்வளவுதான்.

லிஜி அக்காவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பொழியூர்க்காரர். அப்பாவும் இரண்டு அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். அவர் எம்.எஸ்ஸி. முடித்து, கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தை பிறந்த பிறகு ஆய்வுக்குப் பதிவு செய்தார். காலையில் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராகப் பாடம் எடுப்பார், மத்தியானத்துக்கு மேல் ஆய்வகத்துக்கு வருவார். பதிவுக்காலம் முடிந்து, ஒரு தடவை நீட்டித்து, கடைசி நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. அதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்து. முனைவர் பட்டம் இல்லாதவர்களை அடுத்த ஆண்டு முதல் வேலையில் வைக்க மாட்டோம் என்று கல்லூரியும் சொல்லியிருந்தது. ஆக அவருக்கு அந்த மாதக் கடைசி நாள்தான் எல்லாம்.

அவருடைய ஆய்வு யீஸ்டைப் பற்றியது. நீங்களும் யீஸ்டை வைத்துத்தான் வேலை செய்யப் போகிறீர்கள், ஆனாலும் இதை வாசிக்கிற வேறு யாராவது இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். யீஸ்ட் செல்லால் நகர முடியாது. இருந்த இடத்தில் இருந்துகொண்டே துணை தேட வேண்டும். இரண்டு வகைச் செல்கள் உண்டு. ஒவ்வொரு வகையும் தனக்கான ஒரு வேதிப்பொருளை வெளியே விடும். அது பரவி வந்து மற்ற வகைச் செல்லின் மேற்பரப்பில் படும். உடனே அந்தச் செல் பிரிந்து பெருகுவதை நிறுத்திவிட்டு, தன் மேல் எந்தப் பக்கம் அந்தப் பொருள் கொஞ்சம் கூடுதலாகப் படுகிறது என்று பார்க்கும். ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மிக அற்பம். அதை வைத்துக்கொண்டு துணை இருக்கும் பக்கமாகத் தன் உடம்பை நீட்டி வளரும். அந்த நீட்டலை நாங்கள் மூக்கு என்போம்.

பல செல்களுக்கு முதலில் தவறிவிடும். வித்தியாசம் அற்பமாக இருந்தால், கடைசியாகத் தன்னிலிருந்து மொட்டுவிட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மூக்கை நீட்டத் தொடங்கிவிடும், துணை எங்கே இருந்தாலும் சரி. லிஜி அக்கா கேட்ட கேள்வி, தவறான பக்கம் தொடங்கிய செல் பிறகு என்ன செய்கிறது என்பது. திரும்பும் என்பது அவருடைய வாதம். மெதுவாக, வளைந்து, துணை இருக்கும் பக்கம் திரும்பிவிடும். ஐந்து வருடமாக அதைக் காட்டத்தான் பாடுபட்டார். முந்தைய வருடங்கள் சோதனையைச் சரியாக ஓட வைப்பதிலேயே போயின, கணக்கில் வந்தவை அந்த நாற்பத்தொன்றுதான்.

சோதனை இப்படி. அரிசிமணியை விடச் சிறிய ஓர் அறை உள்ள சில்லு, சிப் என்பார்களே, அதுதான். அதில் செல்களை அடைத்து, ஒரு பக்கத்தில் அந்த வேதிப்பொருள் கலந்த திரவத்தையும் எதிர்ப்பக்கத்தில் வெறும் திரவத்தையும் பம்பு வைத்து ஓட விடுவோம். சில மணி நேரம் படம் எடுத்துக்கொண்டே இருப்போம். அது ஓர் ஓட்டம். ஒரு நாளில் ஒன்றுதான் முடியும். எந்தப் பக்கத்தில் வேதிப்பொருள் ஓடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் அதில் ஒளிரும் சாயம் கலந்து, தொடக்கத்தில் ஒரு சாயப் படம் எடுத்து வைக்க வேண்டும். அதற்குத்தான் ஒளிர்வு விளக்கு. அது எரிந்துபோனதும் சாயப் படத்தை விட்டுவிட்டோம். மூக்கைப் பார்க்கச் சாதாரண விளக்கு போதும், திசையைத்தான் நோட்டில் எழுதி வைக்கிறோமே என்று நினைத்தோம்.

நோட்டில் நாங்கள் எழுதியது "கிழக்கு".

இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் பாறசாலையிலும் சுற்று ஊர்களிலும் இடது வலது என்று சொல்கிறவர்கள் டிரைவிங் பள்ளிக்காரர்கள் மட்டும்தான். சோற்றுப் பானையை வடக்கே நகர்த்து என்போம், சட்டையில் மேற்குப் பக்கம் கறை இருக்கிறது என்போம். என் அம்மா நெய்யாற்றின்கரையில் பல் டாக்டரிடம் போனபோது, "மேக்க உள்ள அணப்பல்லாக்கும் வலிக்குது" என்றார், கடவாய்ப்பல்லைச் சொல்லி. டாக்டரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். நாற்காலியை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டு, "இப்பம் எந்தப் பல்லு அம்மா?" என்று கேட்டார். அம்மா அசரவில்லை. "பல்லு அதேதான் டாக்டரே. இப்பம் கெழக்க வந்து இருக்குது."

அம்மாவுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாமல் போனது.

மேசையை மாற்றிய அன்று நானும் லிஜி அக்காவும் ராஜன் அண்ணனும்தான் இருந்தோம். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு மேசையைத் தூக்கினோம்.

"பிள்ளே, உனக்க பக்கத்த கொஞ்சம் தெக்க எறக்கு."

"அண்ணா, எனக்கு தெக்கா, மேசைக்கு தெக்கா?" என்று கேட்டேன்.

"தெக்குக்கு என்ன, ஆளாளுக்கு ஒண்ணு உண்டா? உனக்க அப்பன் வீட்டு தெக்கு வேறயாக்கும்?"

லிஜி அக்கா சிரித்ததில் மேசை ஆடி, ராஜன் அண்ணன் "எனக்க கால்ல போட்டு கொல்லாதீங்க மக்கா" என்று கத்தினார். அவ்வளவு சுலபமாக அது நடந்து முடிந்தது. முன்பு தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தோம். கிழக்கு எங்கள் இடது கைப் பக்கம், படத்திலும் இடது பக்கம். இனி வடக்கே பார்த்து உட்கார்வோம். கிழக்கு வலது பக்கம் வந்துவிட்டது. அன்றைக்கு யாராவது ஒருவர் இந்த ஒரு வரியை நோட்டில் எழுதியிருந்தால் நான் இன்று உங்களுக்கு எதையும் எழுத வேண்டியிருக்காது.

பயிற்சிக்கு வந்தவள் பிரீத்தி. சென்னைப் பெண். படங்களை அளவெடுக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தேன்.

"அக்கா, எல்லாத்துலயும் கிழக்குன்னு போட்டிருக்கு. கிழக்குன்னா லெஃப்டா ரைட்டா?"

"கிழக்குன்னா கிழக்கு. சூரியன் உதிக்கிற பக்கம்."

"இந்த ரூம்ல ஜன்னலே இல்லையேக்கா. சூரியன் எங்க உதிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்படின்னா… தெரியும்."

"சரி. படத்துக்கு எப்படித் தெரியும்?"

நான் சிரித்துக்கொண்டே இடது பக்கத்தைக் காட்டக் கையைத் தூக்கினேன். கை பாதியில் நின்றது. நான் வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

அன்று அவளை அனுப்பிவிட்டு நாற்பத்தொரு ஓட்டங்களையும் திறந்தேன். அடுத்தடுத்த இரண்டு நாள் எடுத்த படங்கள். இரண்டிலும் "கிழக்கு". ஒன்றில் மூக்குகள் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தன, மற்றதில் கொஞ்சம் வலது பக்கம். ஒன்று நான் ஓட்டியது, ஒன்று அக்கா ஓட்டியது. நான் என் ஓட்டங்களில் உண்மையான கிழக்கைத்தான் எழுதினேன் என்று நம்பினேன். யோசிக்க யோசிக்க அந்த நம்பிக்கை கரைந்தது. பல வருடமாக "கிழக்கு" என்றால் படத்தின் இடது பக்கம் என்று கை பழகியிருந்தது. பம்பின் குழாய் சில நாள் எட்டாது. அன்றைக்கு எதிர்ப்பக்கத்தில் மாட்டுவோம். அன்றைக்கும் நோட்டில் "கிழக்கு" என்றுதான் இருக்கிறது. எந்தக் கிழக்கு?

இப்போது ஐந்தாவது.

பிழை தெரிந்ததும் எனக்கு வருகிற முதல் எண்ணம், பட்டியல் போடலாம் என்பது. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். ஒரு காகிதத்தில் மூன்று பத்தி பிரித்தேன். திசை உறுதி. திசை சந்தேகம். திசை தெரியவே வழியில்லை. நாற்பத்தொன்றையும் இந்த மூன்றில் அடைத்த பிறகு சொல்லலாம் என்று முடிவு செய்தேன். பாதி விவரத்தோடு போய் நின்றால் அக்கா பயந்துபோவார், அவருடைய ஆய்வு வழிகாட்டி சார் நூறு கேள்வி கேட்பார், எதற்கும் என்னிடம் பதில் இருக்காது. முழு விவரத்தோடு போனால் பிரச்சினையும் தீர்வும் ஒரே தாளில் இருக்கும். அப்போது அது பொறுப்பான முடிவு மாதிரித்தான் தோன்றியது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். கோழைத்தனம் வரும்போது எனக்கு அது கோழைத்தனம் மாதிரி தெரியவில்லை. ஒழுங்கு மாதிரி தெரிந்தது.

தினமும் ஆய்வகம் வந்து தேடினேன். போனில் தற்செயலாக எடுத்த படங்கள், பம்பு ஓடிய பதிவுகள், குழாயில் ஒட்டிய டேப். ராஜன் அண்ணனுடைய பிறந்தநாளுக்கு ஆய்வகத்தில் வைத்து எடுத்த ஒரு படத்தின் மூலையில் பம்பு தெரிந்தது. அதை வைத்து ஓர் ஓட்டத்தின் திசை உறுதியானது. அந்தச் சாயங்காலம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பதினோரு நாளும் லிஜி அக்கா எனக்கு நேர் எதிர் மேசையில் உட்கார்ந்து ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தார். ஏழாவது நாளோ எட்டாவது நாளோ என்னைக் கூப்பிட்டார்.

"ஜெபி, இஞ்ச வா. உனக்க பேர முழுசா எப்பிடி எழுதணும்? ஜெபஷீலாவா, ஜெபா ஷீலாவா?"

"எதுக்கு அக்கா?"

"நன்றி பக்கத்துக்கு. சாருக்கு பொறவு எனக்க அம்மை, அதுக்கு பொறவு நீயாக்கும். எனக்க மாப்பிளைக்கே உனக்கு கீழதான் எடம். கண்டா சண்டைக்கு வருவாரு."

"ஒண்ணா எழுதுங்க அக்கா" என்றேன். போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். பட்டியலில் இன்னும் ஒன்பது ஓட்டம் மிச்சம் இருந்தது.

பதினொன்றாம் நாள் பட்டியல் முடிந்தது. உறுதி ஆறு. மற்ற முப்பத்தைந்துக்கும் வழியில்லை. சந்தேகம் என்ற பத்தியைக் கடைசியில் அடித்துவிட்டேன். அதில் போட்டவை எல்லாம் மூன்றாவதில்தான் போய்ச் சேர்ந்தன.

கரைசல் காய்ச்சுகிற அறையில் அக்கா தனியாக இருந்தார். தாளைக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். முதலில் சிரித்தார்.

"கடப்பொறத்துல பெறந்தவளாக்கும் நான். கடலு மேக்க, வீடு கெழக்க. எனக்கா கெழக்கு தெரியாது?"

"தெரியாதுன்னு சொல்லல்ல அக்கா. அண்ணைக்கு எழுதுனது எந்தக் கெழக்குன்னு தெரியல்ல."

சிரிப்பு நின்றது. மறுபடி வாசித்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். தன் பெயருக்கு நேரே இருந்த ஓட்டங்களில் ரொம்ப நேரம் நின்றார்.

"செல நாளு நான் யோசிச்சு எழுதினேன்" என்றார். "செல நாளு கை எழுதினது. எந்த நாளு எதுன்னு இப்பம் எப்பிடி சொல்ல?"

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "இது உனக்கு எப்பம் தெரிஞ்சு?"

"இப்பதான் அக்கா. ரெண்டு நாளு."

அவர் தாளை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். தலையில் தேதி இருந்தது. எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் தேதி போட்டுவிட்டுத்தான் எழுதத் தொடங்குவேன். அதையும் அப்படித்தான் தொடங்கியிருந்தேன், பதினோரு நாள் முன்பு.

அக்கா திட்டவில்லை. விரல்விட்டு எண்ணினார். என்ன எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது, நானும் அதே கணக்கைத்தான் எண்ணினேன். சில்லுகள் வடக்கே ஓர் ஆய்வு நிலையத்தில் செய்து கூரியரில் வர வேண்டும். கேட்டால் பத்து நாள். முதல் நாளே சொல்லியிருந்தால் சில்லு வந்த பிறகு பதினான்கு நாள் இருந்திருக்கும். பத்து ஓட்டம் சாயப் படத்தோடு சுத்தமாகச் செய்தால் ஒரு அத்தியாயத்துக்குப் போதும், அதை வைத்துச் சமர்ப்பிக்கலாம் என்று சாரே முன்பு ஒரு தடவை சொன்னதுண்டு. இப்போது கேட்டால் சில்லு வரும்போது மூன்று நாள் இருக்கும்.

"மூணு" என்றார் அக்கா. காய்ச்சிய கரைசலைப் புட்டிகளில் ஊற்றி மூடி, பெயர் ஒட்டி, அடுக்கி வைத்துவிட்டுத்தான் வெளியே போனார்.

சாரிடம் இரண்டு பேருமாகப் போனோம். அவர் கெட்டவர் இல்லை. ஒரு மாணவியின் ஐந்து வருடம் தன் கண்முன்னால் போவதைப் பார்க்க முடியாதவர், அவ்வளவுதான். பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு உடனே சில்லுக்குப் போன் செய்தார். பிறகு கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"செல்லுக்கு திசை தெரியும் அல்லவா? நமக்குத்தானே தெரியல்ல. ஒவ்வொரு ஓட்டத்திலயும் அதிகம் செல்லு எந்தப் பக்கம் மூக்கு நீட்டியிருக்குன்னு பாருங்க. அதுதான் வேதிப்பொருள் இருந்த பக்கம். அப்படி வெச்சு முப்பத்தஞ்சையும் சரியாக்கலாம்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அன்றே உட்கார்ந்து முப்பத்தைந்து ஓட்டங்களுக்கும் அப்படியே திசை போட்டேன். எண்ணுவதும் அடைப்பதும் எனக்கு வரும் வேலை. மறுநாள் காலை அட்டவணை தயார். அதன்படி பார்த்தால் அக்காவின் முடிவு முன்பிருந்ததை விட அழகாக வந்தது. தவறாகத் தொடங்கிய செல்கள் பெரும்பாலும் திரும்பியிருந்தன. அதை அக்காவிடம் கொடுத்தேன். என்னை மன்னிக்க அவருக்கு ஒரு வழி கொடுப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அவர் ஒரு மணி நேரம் அதைப் பார்த்தார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு சார் அறைக்குப் போனார்.

"சார், வேதிப்பொருள் நல்ல வித்தியாசத்தோட ஓடினா நீங்க சொல்லுதது செரி. எனக்க ஓட்டம் எல்லாம் அற்ப வித்தியாசத்துல ஓட்டினதாக்கும். பாதிக்கு பாதி தப்பாத்தான் தொடங்கும். அதுல அதிகம் எதுன்னு எண்ணினா, ரெண்டு மூணு செல்லுல முடிவாவுது."

"அது சரி. ஆனா வேற வழி இல்லையே லிஜி."

"எது தப்பா தொடங்கின செல்லுன்னு முதல்ல நானே முடிவு பண்ணுதேன். கடைசியில அது எந்தப் பக்கம் போச்சோ அதுதான் செரியான பக்கம்னு நானே வெச்சுக்கிடுதேன். பொறவு பாருங்க, அது திரும்பிச்சுன்னு எழுதுதேன். இது செல்லு சொன்னது இல்ல சார். நான் செல்லுக்கு சொல்லிக் குடுத்த பதிலாக்கும்."

"யாரு கேக்கப் போறா? பரிசோதகர் இவ்வளவு உள்ள போய் பாக்க மாட்டார்."

"பாக்க மாட்டாருன்னு எனக்கும் தெரியும் சார்."

சார் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார். உண்மையைச் சொன்னால், அக்கா அந்த அட்டவணையை எடுத்துக்கொள்ள மாட்டாரா என்று என் மனம் கிடந்து தவித்தது. அவர் எடுத்துக்கொண்டிருந்தால் என் பதினோரு நாளும் யாருக்கும் தெரியாமல் அழிந்துபோயிருக்கும். அவர் எடுக்காதது நியாயம் என்று எனக்குத் தெரியும். அன்று நான் நியாயத்தின் பக்கம் நின்றேன் என்று மட்டும் தயவுசெய்து எண்ணிக்கொள்ளாதீர்கள்.

சில்லுகள் பத்தாம் நாள் வந்தன. மூன்று நாள் இருந்தது. இனி எதற்கு என்று நான் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு மூன்று நாளும் காலையிலேயே வந்தார். புது விளக்கைப் போட்டு, சாயப் படம் எடுத்து, சில்லின் ஓரத்தில் மையால் இடது வலது எழுதி, மூன்று ஓட்டம் ஓட்டினோம்.

முதல் ஓட்டத்தில் குமிழி அடைத்து செல்கள் செத்தன.

இரண்டாவதில் மத்தியானம் ஒரு மணிக்கு அக்கா என் தோளைத் தட்டினார். திரையில் ஏழு செல்கள் தவறான பக்கம் மூக்கை நீட்டத் தொடங்கியிருந்தன. சாயம் இருந்தது வலது பக்கம். இதில் சந்தேகமே இல்லை. மூன்று செல்கள் அப்படியே நேராக, தவறான திசையிலேயே நீண்டுகொண்டு போயின. மற்ற நான்கின் நுனி, படத்துக்குப் படம் பார்த்தால் தெரியாத அளவு மெதுவாக, வளைந்தது. மூன்று மணி ஆகும்போது நான்கும் வலது பக்கம் திரும்பியிருந்தன.

"கண்டியா?" என்றார் அக்கா.

"கண்டேன்."

"நான் அஞ்சு வருசமா சொன்னது இதாக்கும்."

ஏழு செல்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அது இரண்டு பேருக்கும் தெரியும். மூன்றாவது ஓட்டமும் நன்றாக வந்தது. அதில் ஐந்து செல்கள். இரண்டு திரும்பின.

கடைசி நாள் சாயங்காலம் பல்கலைக்கழக இணையதளத்தில் சமர்ப்பிக்கும் பக்கத்தை சார் திறந்து வைத்துக்கொண்டு, "லிஜி, இன்னும் நேரம் உண்டு. நன்றாக யோசிக்கணும்" என்றார். அக்கா அப்போது மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "யோசிச்சாச்சு சார்" என்றார். ஐந்து மணிக்குப் பொழியூர் பஸ்ஸுக்குப் போக வேண்டும், பிள்ளைக்கு டியூஷன் உண்டு என்றார். என்னிடம் "வாறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எப்போதும் அப்படித்தான் சொல்லுவார்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. திசையை எப்படிக் குறிப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நுண்ணோக்கியின் மேலேயே இப்போது இடது, வலது என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது, குருடருக்கும் தெரியும். பிழை தெரிந்தால் தெரிந்த அன்றே, தெரிந்த அளவுக்கு, அது யாருடைய வேலையைப் பாதிக்குமோ அவரிடம் வாயால் சொல்லுங்கள். பட்டியல் போட வேண்டுமானால் அவரோடு உட்கார்ந்து போடுங்கள். அவருடைய நாட்களை வைத்து நீங்கள் உங்கள் பயத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டாம். இதைச் சொல்லித் தருவதால் எனக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. நீங்கள் இதைப் படித்து, தலையாட்டிவிட்டு, சமயம் வரும்போது என்னைப் போலவேதான் செய்வீர்கள் என்று எனக்கு ஒரு பயம் உண்டு. நானும் வேலைக்குச் சேர்ந்தபோது இதே மாதிரி அறிவுரைகளைக் கேட்டுத் தலையாட்டியவள்தான்.

இன்றைய நிலைமை இது.

லிஜி அக்காவின் பதிவு ரத்தாகிவிட்டது. மறுபடி பதிவு செய்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவர் விண்ணப்பிக்கவில்லை. கல்லூரி வேலையும் அந்த ஆண்டோடு முடிந்தது. வீட்டில் வைத்துப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். நான் நெய்யாற்றின்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அவரை இரண்டு தடவை போனில் கூப்பிட்டேன். முதல் தடவை பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பேசினோம். இரண்டாவது தடவை எடுக்கவில்லை. செல்கள் திரும்புகின்றன என்று அவர் சொன்னது சரியா என்று இந்த ஆய்வகத்தில் இனி யாரும் பார்க்கப் போவதில்லை. உங்களுக்குக் கொடுத்திருக்கும் திட்டம் வேறு. நாற்பத்தொரு ஓட்டங்களின் படங்களும் கணினி வட்டில் இருக்கின்றன. ஆறுக்குத் திசை தெரியும். முப்பத்தைந்துக்குத் தெரியாது.